திறந்த உலகமும் மூடிய சாலையும்

கல்லூரி விழா மலரிலே மோட்டார்ப் பந்தயக் கணினி விளையாட்டைப் பற்றிய கட்டுரை ஒன்றா என்று வாசகர் சிலர் மூக்கின்மேல் விரல் வைக்கக்கூடும். கல்வியைப் பற்றியும், சமயத்தைப் பற்றியும், கிரிக்கெற்றிலும் உதைபந்தாட்டத்திலும் நம் மாணவர் ஈட்டிய வெற்றிகளைப் பற்றியும் எழுதுவதே இத்தகைய மலர்களின் மரபு. அம்மரபை இகழும் எண்ணம் எமக்கு இல்லை. ஆயினும், மாலையிலே மைதானத்தில் ஓடியாடும் மாணவர் பலர் இரவிலே கணினித் திரையிலும் கைத்தொலைபேசியிலும் கார் ஓட்டுகின்றனர் என்பது எவரும் அறிந்த உண்மை. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வாழும் பழைய மாணவரின் பிள்ளைகளும் அதே கார்களை, அதே சாலைகளில் ஓட்டுகின்றனர். இதைப் பற்றி நம் பெரியோரிடையே நிலவும் அபிப்பிராயங்கள் இரண்டே. ‘காலத்தைக் கொல்லும் கெட்ட பழக்கம்’ என்பது ஒன்று. ‘பிள்ளை வீட்டிலேயே இருக்கின்றானே, அது போதும்’ என்பது மற்றொன்று. முன்னது கண்டனம், பின்னது கண்டும் காணாமை. இவ்விரண்டில் எதனையும் விமரிசனம் என்று கொள்வதற்கில்லை.

நூலையும் நாடகத்தையும் திரைப்படத்தையும் போலவே இவ்விளையாட்டுகளும் பலர் கூடி ஆண்டுக்கணக்காக உழைத்து ஆக்கும் படைப்புகள். அவற்றை ஆய்ந்து நிறைகுறை கூறும் விமரிசகர் மேல்நாடுகளிலே பலர் உளர். அவர்கள் கூறியவற்றுள் எவை பொருந்தும், எவை பொருந்தா, எதனை அவர்கள் போதிய அளவு கூறாமல் விட்டனர் என்பதை ஒரு விளையாட்டை உதாரணமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அவர்கள் போதிய அளவு கூறாமல் விட்ட அந்த ஒன்று, யாழ்ப்பாணத்தவராகிய நம்மை நேரே தொடும் விடயம் என்பது எமது துணிபு.

முதற்கண் இவ்வகை விளையாட்டின் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். நம் ஊர்களிலே மாட்டுவண்டிச் சவாரி நடப்பதைப் பலரும் கண்டிருப்பர். சவாரித் திடலுக்கு ஒரு தொடக்கம் உண்டு, ஒரு முடிவு உண்டு. இருமருங்கும் சனம் நிற்கும், வண்டி நேரே ஓடும், முந்தியது வெல்லும். பழைய மோட்டார்ப் பந்தய விளையாட்டுகளும் இத்தகையனவே. ஒரு வட்டப்பாதை, சில சுற்றுகள், ஒரு முடிவுக்கோடு, அவ்வளவுதான். இப்பொழுது அந்தத் திடலின் வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பந்தயம் நடக்கும் இடத்துக்கு நீங்களே சாலை வழியாக ஓட்டிச் செல்லலாம். விரும்பாவிடின் பந்தயத்தை மறந்து, கடற்கரையோரமாகச் சும்மா சுற்றி வரலாம். ஒரு நகரமோ தீவோ நாடோ முழுவதும் ஓட்டுபவனுக்குத் திறந்து கிடக்கும். இதனையே ‘திறந்த உலகம்’ என்பர்.

‘ஆர்கேட்’ முறை என்பது இதனோடு சேரும் இன்னொரு குணம். பொழுதுபோக்குக் கூடங்களில் நாணயம் இட்டு ஆடிய விளையாட்டுப் பொறிகளின் பெயரால் வந்த சொல் இது. மெய்யான கார் எவ்வாறு இயங்குமோ அவ்வாறே இயங்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இம்முறையில் இல்லை. மரத்தில் மோதிய கார் மறுகணம் பாய்ந்தோடும். ‘ஃபோர்சா ஹொரைசன்’ என்னும் வரிசையிலே, தவறாகத் திருப்பிய திருப்பத்தைக் காலத்தையே பின்னோக்கிச் சுழற்றித் திருத்திக்கொள்ளும் வசதியும் உண்டு. கண்டி வீதியில் மோட்டார்ச் சைக்கிளை முறுக்கும் இளைஞருக்கு அப்படி ஒரு வசதி கிடையாது என்பதை இவ்விடத்தில் நினைவூட்டி அப்பால் செல்வோம்.

இவ்வகை விளையாட்டுகள் சென்ற இருபது ஆண்டுகளில் பெருகின. 2006ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டெஸ்ட் டிரைவ் அன்லிமிட்டெட்’ ஹவாயின் ஒவாகுத் தீவு முழுவதையும் சாலைகளோடு திரையில் தந்தது. 2008இல் ‘பேர்ண்அவுட் பரடைஸ்’ ஒரு கற்பனை நகரைத் திறந்துவிட்டது. அந்நகரின் ஒவ்வொரு சமிக்ஞை விளக்குச் சந்தியும் ஒரு போட்டியின் தொடக்கம். ஆனால் தோற்றவன் உடனே மறுபடி தொடங்க முடியாது. வந்த வழியே நெடுந்தூரம் திரும்பி ஓட வேண்டும். விமரிசகர் பலர் இதனைக் குறைகூறினர். ஆக்கியோரும் பின்னர் அதனைத் திருத்தினர். விமரிசனத்தால் விளைந்த நன்மைக்கு இஃது ஒரு சான்று. 2009இல் வந்த ‘ஃபியூவல்’ 14,400 சதுரக் கிலோமீற்றர் பரப்புடைய நிலத்தைத் தந்து கின்னஸ் பதிவிலும் இடம்பெற்றது. யாழ்ப்பாண மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 1,000 சதுரக் கிலோமீற்றர். அதைப்போல் பதினான்கு மடங்கு! ஆயினும் அந்நிலத்திலே கண்டு மகிழத்தக்கது அதிகம் இல்லை, பரப்பு உண்டு, பொருள் இல்லை என்ற குறை அதன்மீது எழுந்தது. பெருமை பரப்பால் வருவதன்று என்பதை மூலைக்கு மூலை கோவிலும் கிணறும் வாசிகசாலையும் உடைய சிறு குடாநாட்டில் வாழ்கின்ற நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இனி, நாம் உதாரணமாகக் கொள்ளும் விளையாட்டுக்கு வருவோம். அதன் பெயர் ‘த க்ரூ’. முன்னர் ஒவாகுத் தீவைத் திரையில் அமைத்தவருட் சிலர், பிரான்சு தேசத்து லியோன் நகரில் ‘ஐவரி டவர்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கி இதனை ஆக்கினர். வெளியிட்டது யூபிசொப்ட் என்னும் பெருங் கம்பனி. வெளிவந்த நாள் 2014 டிசெம்பர் 2. ஐக்கிய அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே சாலைவலையாக இவ்விளையாட்டு தந்தது. டெற்றோயிற்றில் புறப்பட்டவன் சிக்காகோ, நியூயோர்க், மயாமி, நியூ ஓலியன்ஸ், லாஸ் வேகாஸ், லொஸ் ஏஞ்சல்ஸ், சான் பிரான்சிஸ்கோ என்று எங்கும் தடையின்றி ஓடலாம். ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்கு ஓட்டிச் செல்ல முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை செல்லும். வழியிலே பனிமலையும் பாலைநிலமும் சோளக்கொல்லையும் சதுப்புநிலமும் மாறிமாறி வரும். உலகின் பல மூலைகளிலிருந்து விளையாடுவோரும் அதே சாலையில் எதிர்ப்படுவர்.

இவ்விளையாட்டின் விமரிசன வரலாறு தொடக்கத்திலேயே சற்று வேறுபட்டது. வழக்கமாக விற்பனைக்கு முன்னரே விமரிசகருக்குப் பிரதி அனுப்புவர். இதற்கோ, பல்லாயிரவர் கூடி ஓடும்போதுதான் இதன் தன்மை புலப்படும் என்று காரணங் காட்டி, மதிப்புரைகள் தாமதித்தே வரும் என யூபிசொப்ட் முன்கூட்டி அறிவித்தது. காரணம் முற்றிலும் பொய்யன்று. ஆயினும் முதல்நாளே பணங் கொடுத்து வாங்கியவன் மதிப்புரை எதனையும் படியாமலே வாங்கினான் என்பதும் பொய்யன்று.

பின்னர் வந்த மதிப்புரைகள் பலதரப்பட்டன. அவற்றுள் ஏறக்குறைய எல்லோரும் புகழ்ந்தது அந்த நிலப்படத்தையே. ஒரு கண்டத்தைக் கடந்து ஓடும் உணர்ச்சியை வேறெந்த விளையாட்டும் இவ்வளவு தரவில்லை என்றனர். சிலர் தூரத்தைச் சுருக்கியதைக் குறையாகக் கண்டனர். எமக்கு அது குறையாகத் தோன்றவில்லை. நம் நாட்டுக்கூத்திலே அரசன் களரியை ஒருமுறை சுற்றி வந்தால் நாடு கடந்து காடு சேர்ந்துவிட்டான் என்று கொள்கின்றோம். அதைப் பொய்யென்று எழுந்து போனவர் எவருமில்லை. தூரத்தைச் சுருக்குவது கலையின் உரிமை. சுருக்கியபின் எஞ்சியது மனத்தில் நிற்கின்றதா என்பதே கேள்வி. ‘த க்ரூ’வின் சாலைகள் மனத்தில் நின்றன. ‘ஃபியூவல்’ தோற்ற இடத்தில் இது வென்றது.

கதையைப் பற்றி விமரிசகர் கூறிய குறையோ முற்றும் பொருந்தும். அலெக்ஸ் டெயிலர் என்பவனின் தமையன் கொல்லப்படுகின்றான். பழி தம்பியின்மேல் விழுகின்றது. அமெரிக்க உளவுப் பொலிசாரின் உதவியோடு அவன் ஒரு கார்க்கூட்டத்தினுட் புகுந்து பழிதீர்க்கின்றான். நம் பழைய திரைப்படங்களிலே ஆயிரம்முறை கண்ட கதை. மலையும் பாலையும் கடந்து ஓடும் ஒருவனுக்குச் சொல்ல இதனினும் நல்ல கதை கிடைக்கவில்லையே என்பது வருத்தத்திற்குரியது. கார் கைக்கு இணங்கும் பாங்கு இறுக்கமாகவும் பாரமாகவும் இருந்தது என்றும், வென்றால் கிடைக்கும் உறுப்புகளைப் பூட்டிக் காரின் தரத்தை உயர்த்தும் முறையால் ஓட்டும் திறமையின் மதிப்புக் குறைந்தது என்றும் கூறினர். விளையாட்டை விலைகொடுத்து வாங்கியவனிடமே மேலும் பணம் பெற்று விளையாட்டுக்குள் செல்லும் நாணயத்தை விற்றதையும் பலர் கடிந்தனர். இவையெல்லாம் நேர்மையான கண்டனங்களே.

இவற்றோடு இன்னொரு குறையையும் பல விமரிசகர் கூறினர். கூறி, ஓரிரு வரியில் கடந்து சென்றனர். தனியே ஓட்டுவதானாலும் இணையத் தொடர்பு இருந்தாலன்றி இவ்விளையாட்டு இயங்காது என்பதே அது. இணையம் அறுந்தால் விளையாட்டும் அறுந்துவிடும், இது தொல்லை என்றனர். அவர்கள் அதனைத் தொல்லை என்றே எண்ணினர். விளையாட்டின் ஆயுளே அந்த ஒரு வரியில் அடங்கியிருந்தது என்பதைப் பத்தாண்டு கழித்தே உலகம் கண்டது.

நடந்தது இதுதான். வாங்கியவனின் வீட்டிலிருந்த வட்டத்தகட்டிலே சாலைகளும் கார்களும் இருந்தன. ஆனால் அவன் யார், எத்தனை கார் வைத்திருக்கின்றான், எந்தப் பந்தயத்தை வென்றான் என்ற கணக்கெல்லாம் கம்பனியின் சேர்வர் என்னும் தலைமைக் கணினியிலே இருந்தன. அதன் அனுமதி இன்றித் தகட்டிலிருந்த அமெரிக்கா திறவாது. 2023 டிசெம்பரில் விளையாட்டின் விற்பனை நிறுத்தப்பட்டது. 2024 மார்ச் 31ஆந் திகதி சேர்வரும் நிறுத்தப்பட்டது. அன்றிலிருந்து, முழு விலை கொடுத்து வாங்கியவர் கையில் இருந்த தகடு வெறுந் தகடாயிற்று. பின்னர், வாங்கியவர் பலரின் கணக்கிலிருந்து அதன் உரிமமும் நீக்கப்பட்டது.

இங்கே நம் ஊர்க் கார் ஒன்றை நினைத்துப் பார்த்தல் பொருந்தும். ஒஸ்ரின் ஏ 40 என்ற காரை அறியாத யாழ்ப்பாணத்தவர் அரியர். 1940களின் பிற்பகுதியிலும் 1950களிலும் இங்கிலாந்தில் ஆக்கப்பட்டுக் கப்பலேறி வந்த அக்காரும், அதன் தோழனாகிய மொறிஸ் மைனரும் அண்மைக்காலம் வரை நம் தெருக்களில் வாடகைக்கு ஓடின. இன்றும் சில வீடுகளிலே பேணப்படுகின்றன. கலியாண ஊர்வலங்களில் மாலை சூடி வருகின்றன. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது, மின்சாரமும் நின்றது. அக்காலத்தில் இக்கார்கள் நின்றுவிட்டனவா? நம் மெக்கானிக்குமார் அவற்றை மண்ணெண்ணெயில் ஓடச் செய்தனர். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின்கள் ஆதலின் அவை மண்ணெண்ணெயை ஏற்றன. சில துளி பெற்றோலிட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவர். புகை கக்கிக்கொண்டு அவை நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றன. இடம்பெயர்ந்தோரின் பெட்டி படுக்கைகளைச் சுமந்தன. உதிரிப்பாகம் இல்லையெனில் பட்டறையிலே கடைந்து பூட்டினர்.

அக்காரை ஆக்கிய கம்பனி 1952இல் வேறொன்றோடு இணைந்தது. 1968இல் இன்னொன்றினுள் மறைந்தது. அப்பழைய கம்பனி இன்று இல்லை. ஆக்கியோன் மறைந்தான், ஆக்கிய கார் ஓடுகின்றது. ‘த க்ரூ’வை வெளியிட்ட கம்பனியோ இன்றும் இருக்கின்றது, விளையாட்டு இறந்துவிட்டது. இந்த வேற்றுமைக்குக் காரணம் தகரத்தின் உறுதியன்று. காரை வாங்கியவன் அதனை உள்ளபடியே வாங்கினான். அதன் மூடியைத் திறக்கவும், பிரிக்கவும், திருத்தவும், மண்ணெண்ணெய் ஊற்றவும் அவனுக்கு அதிகாரம் இருந்தது. பேர்மிங்காமிலிருந்து எவரும் ஒரு விசையை அழுத்தி யாழ்ப்பாணத்துக் காரை நிறுத்த முடியாது. விளையாட்டை வாங்கியவனுக்கு அந்த அதிகாரம் இருக்கவில்லை. அவன் சாலையின் திறப்பு வேறொருவன் கையிலிருந்தது.

சாலையின் திறப்பு பிறர் கையில் இருப்பதன் பொருளை நம்மினும் நன்கறிந்தவர் யார்? கண்டி வீதி 2002இல் திறந்தபோது நாம் அடைந்த மகிழ்ச்சியும், 2006 ஆகஸ்டில் அது மூடப்பட்டபோது பட்ட துன்பமும், 2009இல் போர் முடிந்த பின்னரே அது மறுபடி திறந்ததும் நம் வாழ்க்கையின் பகுதிகள். விளையாட்டுச் சாலையையும் வாழ்க்கைச் சாலையையும் சமமாக வைப்பது தகாது, வைக்கவும் இல்லை. ஆனால் ‘திறந்தது’ என்ற சொல்லைக் கேட்டவுடன் ‘திறந்தவர் யார், மூடவல்லவர் யார்’ என்று கேட்கும் வழக்கத்தை அவ்வனுபவம் நமக்குக் கற்பித்திருக்கின்றது. ‘திறந்த உலகம்’ என்று விளம்பரஞ் செய்த ஒன்றைப் பார்த்து அவ்வினாவை எழுப்ப நமக்குத் தகுதி உண்டு.

கம்பனியின் பக்கத்து நியாயத்தையும் கேட்டல் வேண்டும். சேர்வரை ஓயாது இயக்கப் பணம் செலவாகும். பத்தாண்டுக்குப்பின் ஆடுவோர் குறைந்துபோக, அச்செலவை எத்தனை காலம் தாங்குவது என்பர். மெய்யான கார்களின் பெயரையும் உருவையும், இசைத்தட்டுகளையும் பயன்படுத்தப் பெற்ற உரிமங்கள் குறித்த காலத்தில் முடிந்துவிடும் என்பர். விற்றது பொருளன்று, சேவையே; பஸ் ரிக்கற் வாங்கியவன் பஸ்ஸை வாங்கியவனாவானா என்றும் கேட்பர்.

இவை எளிதில் தள்ளத்தக்க நியாயங்கள் அல்ல. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் விடை உண்டு. பஸ் ரிக்கற்றிலே எங்கிருந்து எங்கே என்பது குறிக்கப்பட்டிருக்கும். ‘த க்ரூ’வை விற்றபோது இன்ன நாளில் நின்றுவிடும் என்று எவரும் சொல்லவில்லை. உரிமம் முடிவதைப் பற்றிய விடையை இன்னொரு விளையாட்டே தருகின்றது. ‘ஃபோர்சா ஹொரைசன் 4’ 2024 டிசெம்பர் 15ஆந் திகதியோடு விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் முன்னரே வாங்கியவர் அதனைத் தொடர்ந்து ஆட வழி இருந்தது. கடையை மூடுவது ஒன்று. விற்ற பொருளை வீட்டிலிருந்து பறிப்பது மற்றொன்று. ‘பேர்ண்அவுட் பரடைஸ்’ விளையாட்டின் பழைய பதிப்புக்குரிய இணையப் பகுதி 2019இல் நின்றபோதும், தனியே ஓட்டும் பகுதி நிற்கவில்லை. சேர்வர்ச் செலவு என்ற நியாயத்துக்கு யூபிசொப்டே பின்னர் விடை கூறிவிட்டது. ‘த க்ரூ 2’ என்ற அடுத்த விளையாட்டை இணையம் இன்றியும் ஆட வழிசெய்வோம் என்று 2024இல் வாக்களித்து, 2025இல் அவ்வாறே செய்தது. பின்னதற்கு இயன்றது முன்னதற்கு இயலாதா? ஆர்வலர் சிலர் ஊதியமின்றி உழைத்து, மூலவிளையாட்டை மீண்டும் இயங்கச் செய்யும் மாற்றுச் சேர்வர் ஒன்றையும் 2025இல் வெளியிட்டனர். நம் மெக்கானிக்குமாரின் மண்ணெண்ணெய் வித்தைக்கு இதனை ஒப்பிடலாம்.

வெறும் விளையாட்டுக்காக இவ்வளவு ஆரவாரமா என்று எண்ணுவோர் பின்வருவனவற்றையும் அறிதல் நன்று. சேர்வர் நின்ற அடுத்த மாதமே ரொஸ் ஸ்கொற் என்பவர் விளையாட்டுகளைக் கொல்லாதீர் என்ற கோரிக்கையோடு ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். அவ்வியக்கத்தின் சார்பில் ஐரோப்பிய ஒன்றியத்திடம் அளிக்கப்பட்ட குடிமக்கள் விண்ணப்பத்தில் 2025 ஜூலையில் கையொப்பங்கள் 10 இலட்சத்தைத் தாண்டின. கலிபோர்னியாவிலே 2024 நவம்பரில் இரண்டு வாடிக்கையாளர் வழக்குத் தொடுத்தனர். அவர்கள் வாங்கியது உடைமையன்று, வரையறுத்த உரிமமே என்பது கம்பனியின் வாதம். அதே மாநிலத்திலே, இணையக் கடையில் விற்கப்படுவது உரிமமே என்பதை வாங்குவோனுக்குத் தெளிவாக அறிவிக்க வேண்டும் என்று ஒரு சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நூலும் பாட்டும் படமும் இவ்வாறே விற்கப்படும் காலம் இது. ஆதலின் இவ்வழக்கு விளையாட்டோடு முடிவதன்று. நாம் கைத்தொலைபேசியிலே ‘வாங்கும்’ நூலின் கதியும் இதுவே ஆகலாம்.

இனி, விமரிசகரிடம் நாம் காணும் குறைக்கு வருவோம். நூலுக்கு மதிப்புரை எழுதுவோன் இந்நூல் அலுமாரியிலிருந்து ஒருநாள் தானே மறைந்துவிடுமோ என்று ஆராய வேண்டியதில்லை. விளையாட்டின் விமரிசகனோ அதனை ஆராய்ந்தே ஆக வேண்டும். திருப்பத்தில் கார் எவ்வாறு வளைகின்றது, மழைநீர் தெருவில் எவ்வாறு மின்னுகின்றது என்று பக்கம் பக்கமாக எழுதியவர், இச்சாலை எத்தனை நாள் நிலைக்கும் என்று ஒரு பந்தி எழுதியிருப்பின், வாங்கியோர் கண்டறிந்து வாங்கியிருப்பர். கம்பனியும் சற்று நாணியிருக்கும். ‘பேர்ண்அவுட் பரடைஸ்’ விடயத்தில் ஒரு சிறு வசதிக்காக ஒருமித்து எழுந்த குரல், இங்கே முழு விளையாட்டின் உயிருக்காக எழவில்லை. அழகை அளந்தனர்; ஆயுளை அளக்கவில்லை. இதுவே எமது குற்றச்சாட்டு.

பொழுதுபோக்குப் பொருள் அழிந்தால் என்ன நட்டம் என்பார்க்கு ஒன்று கூறுவோம். தமிழின் முதற் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ 1931இல் வெளிவந்தது. அக்காலத்தவர் அதனைக் கண்டு களித்து வீடு திரும்பினர். அதன் பிரதியைப் பேணுதல் வேண்டும் என்ற எண்ணம் போதிய அளவு எவர்க்கும் எழவில்லை. இன்று உலகின் எம்மூலையிலும் அதன் பிரதி கிடைத்திலது. ஒரு காலத்தின் பொழுதுபோக்கு இன்னொரு காலத்தின் வரலாறாகும். எது வரலாறாகும் என்று முன்கூட்டிச் சொல்ல வல்லார் எவருமிலர். ஆதலின் எல்லாவற்றுக்கும் பிழைத்திருக்க ஒரு வழி வைத்தல் வேண்டும்.

இந்த அறிவு நம் மண்ணுக்குப் புதிதன்று. சிறுப்பிட்டியிலே பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் ஊரூராக ஏடு தேடிச் செல்லரித்தவற்றையும் ஒப்பு நோக்கிக் கலித்தொகையை 1887இல் அச்சேற்றினார்கள். ஓர் ஏடு ஒருவர் வீட்டில் இருக்குமளவும் அதன் உயிர் அவ்வீட்டுப் பரணில் இருந்தது. அச்சேறியபின் அது பலர் வீட்டில் வாழ்ந்தது. பிரதி பெருகுவதே காப்பு என்பது அவர்கள் கண்ட வழி. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அச்சிட்டுப் பரவிய நூல்களை மீண்டும் தேடிக்கொண்டோம். ஒரே பிரதியாக இருந்த ஏடுகள் போனது போனதுதான். அக்கொடுமையையும் ஒரு வணிக முடிவையும் ஒரு தராசில் இடுவது பெரும் பிழையாகும். ஆனால் அதிலிருந்து நாம் கற்ற பாடம், ஒரே இடத்தில், ஒரே கையில் உள்ளது எதுவும் காப்பற்றது என்பது, இதற்கும் பொருந்தும்.

ஆதலின் நம் மாணவருக்கு ஒரு வேண்டுகோள். விளையாடாதீர் என்று நாம் சொல்லவில்லை. படிக்கும் நேரத்தில் படித்து, ஓடும் நேரத்தில் மைதானத்தில் ஓடி, எஞ்சிய நேரத்தில் விளையாடுவதைத் தடுப்பாரில்லை. ஆனால் விலைகொடுத்து வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இச்சாலையில் ஓடியபின் மனத்தில் நிற்பது ஏதேனும் உண்டா? இணையம் அறுந்தால் இது ஓடுமா? விற்றவன் கடையைப் பூட்டினால் என் கையில் மிஞ்சுவது என்ன? முதற் கேள்விக்கு விமரிசகர் பலர் விடை தருவர். மற்றை இரண்டுக்கும் விடை தேடும் பொறுப்பு உங்களுடையது. அவ்விடையை எழுதியும் வையுங்கள். தமிழிலே இவ்விளையாட்டுகளைப் பற்றித் தக்க விமரிசனம் வளர வேண்டிய காலம் வந்துவிட்டது.

பழைய மாணவர்க்கும் ஒரு சொல். நம் கல்லூரியின் வகுப்பறைகளில் கணிதம் பயின்றவர் பலர் இன்று உலகெங்கும் கணினி நிறுவனங்களில் நிரல் எழுதுகின்றனர். இன்றைய மாணவருட் பலரும் நாளை எழுதுவர். ஒரு படைப்பைத் திட்டமிடும் மேசையிலே, ‘நாம் இதனை நிறுத்தும் நாளில் வாங்கியவன் என்ன செய்வான்’ என்ற கேள்வியை எழுப்பும் வாய்ப்பு அவர்களுக்கு உண்டு. தொடக்கத்திலேயே எண்ணினால் அதற்கு வழிவைப்பது எளிது. முடிவில் எண்ணினால் அரிது. மண்ணெண்ணெயில் ஓடிய காரில் பள்ளிக்கூடம் போனவர்களும், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்களும் அவர்களுள் உளர். பொருள் நின்றுபோகாமல் ஓட வேண்டும் என்பதன் அருமையை அவர்களுக்கு வேறெவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. அந்த அருமையை அவர்கள் தாம் ஆக்கும் பொருளிலும் வைப்பார்களாக.